கதிர்வீச்சுதான் காரணம் என்று யார் நிரூபிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மாப்பிள்ளையின் தாத்தா 1957-இல் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தார். நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்ததை நேரில் பார்த்தார். பல வருஷம் கழித்துப் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க அரசு ஆதாரமே கேட்காமல் இழப்பீடு தருகிறது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது நிஜமா, நிஜமென்றால் கதிர்வீச்சால்தான் நோய் வந்தது என்று அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டதா, இல்லை ஓட்டுக்காகக் கொடுக்கிற பணமா என்று கேட்கிறீர்கள். கேள்வி பலவாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒருவருக்கு வந்த ஒரு புற்றுநோய்க்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், அந்தச் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது?

நான் மருத்துவ இயற்பியல் படித்தவன். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன், அதில் ஒன்பது வருஷம் அமெரிக்காவில். நோயாளிக்கு எவ்வளவு டோஸ், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுவதும், ஊழியர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் காட்டுகிற அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. வக்கீல் அல்ல. அதனால் சட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்வேன், உங்கள் சம்பந்தி வீட்டுக்குப் பணம் கிடைக்குமா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதே ஒரு நோயாளியால்தான். எழுபது வயதைத் தாண்டியவர், புராஸ்டேட் புற்றுநோய். இருபது வயதில் நெவாடாவில் பதுங்குகுழிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வெடிப்பு மூன்று, நான்கு கிலோமீட்டர் தூரத்தில். கண்ணை இறுக மூடி முழங்கையால் மறைத்துக்கொண்டபோதும் கையின் எலும்பு தெரிந்தது என்றார். அப்புறம் எல்லோரையும் எழுப்பி, வெடித்த இடத்தை நோக்கி நடக்க வைத்தார்களாம். திரும்பி வந்ததும் ஒருவர் விளக்குமாற்றால் சட்டை, பேன்ட், பூட்ஸ் எல்லாவற்றையும் தட்டிவிட்டார். சுத்தம் செய்தது அவ்வளவுதான். ஒருநாள் சிகிச்சை முடிந்த பிறகு, மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அன்று அவர் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு ஒரு ரெம்முக்கும் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) குறைவு என்று அதில் இருந்தது. "நீங்கள் ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு தருகிறீர்கள்?" என்று கேட்டார். புராஸ்டேட்டுக்கு மட்டும், பழைய கணக்கில் 200 ராட் என்றேன். இங்கே ஒரு ராட் என்பது ஏறத்தாழ ஒரு ரெம். கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியானால் அன்று எனக்கு எதுவுமே ஆகவில்லையா?" என்றார். என்னிடம் நேரான பதில் இல்லை. நாங்கள் தருவது ஒரு சிறு இடத்துக்கு, அளந்து தருவது. கடிதத்தில் இருந்தது முழு உடம்புக்கு, அதுவும் ஐம்பது வருஷம் கழித்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது. இதை விளக்கினேன். அவர் கேட்டது அதை அல்ல என்று எனக்கும் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். "ஆதாரம் கேட்காமல்" என்று படித்தது பாதி உண்மை. 1945-இலிருந்து 1962 வரை வளிமண்டலத்தில் நடந்த சோதனைகளில் பங்கெடுத்த அமெரிக்கப் படையினர் இரண்டு லட்சத்துக்கு மேல். 1946 ஜூலையில் பசிபிக்கின் பிகினி தீவில் நடந்த சோதனைகளுக்கு மட்டும் சுமார் 42,000 பேர். போர் முடிந்த பிறகு ஹிரோஷிமா, நாகசாகியில் நிறுத்தப்பட்டவர்கள் வேறு. இவர்களுக்காக 1988-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் சாரத்தை மூன்று சொல்லில் சொல்லிவிடலாம்: இருந்தார், வந்தது, கொடு. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் இருந்தார் என்பதையும், பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்தது என்பதையும் காட்டினால் போதும். எவ்வளவு டோஸ் வாங்கினார் என்று கேட்க மாட்டார்கள், இதனால்தான் அது வந்தது என்று நிரூபிக்கவும் சொல்ல மாட்டார்கள். சட்டமே அப்படி அனுமானித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் பட்டியலில் 13 நோய்கள். இன்று 21. பெருங்குடல், நுரையீரல், மூளை, எலும்பு, சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்கள் 2002-இல் சேர்ந்தன. ஆக, உங்கள் மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு வந்தது பட்டியலில் இருக்கிறது.

என் நோயாளிக்கு வந்தது இல்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் நோய் என்றால் வேறு வழியில் போக வேண்டும். அந்த வழி 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதில் டோஸைக் கணக்கிட்டு, அந்த டோஸ் இந்த நோய்க்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த வழியில் ஜெயித்தவர்கள் மிகச் சிலர். ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பெருங்குடலில் வந்தால் பணம், இன்னொருவருக்குப் புராஸ்டேட்டில் வந்தால் கணக்கு. அறிவியலில் இதற்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு. கதிர்வீச்சுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இடையே கண்ட தொடர்பு பலவீனமானது. வயதான ஆண்களுக்கு அது எப்படியும் பரவலாக வருகிற நோய். இருந்தாலும் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது ஆய்வுக்கூடம் எடுத்த முடிவு அல்ல, நாடாளுமன்றமும் அரசுத் துறையும் எடுத்த முடிவு.

"இருந்தார்" என்பதைக் காட்டுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். 1973 ஜூலை 12-ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பணிப்பதிவுகள் வைத்திருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் எரிந்துபோயின. 1912-க்கும் 1960-க்கும் இடையில் பணியிலிருந்து விலகிய தரைப்படையினரின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயிற்று. சோதனைகளில் நின்ற தரைப்படையினரில் பெரும்பாலோர் அந்தக் காலத்துக்காரர்கள். இது ஒரு பக்கம் என்றால், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர்களிடம் வாங்கிய ரகசிய உறுதி இன்னொரு பக்கம். 1996-இல்தான் சட்டப்படி அந்தத் தடை நீங்கியது. அதுவரை மனைவியிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டில் யாருக்கும் விண்ணப்பம் போடக் காரணமே தெரிந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து அதை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் இரண்டு வருஷத்திலேயே தலைகாட்டத் தொடங்கும், கட்டிகளாக வரும் புற்றுநோய்கள் பத்து, இருபது, நாற்பது வருஷம் கழித்து வரும். இதுவும் உறுதி. ஆனால் புற்றுநோய் யாருக்கும் வருகிற நோய். அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு ஒன்று இதை எளிமையாகச் சொன்னது. நூறு பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் எப்படியும் சுமார் 42 பேருக்குப் புற்றுநோய் வரும். அந்த நூறு பேருக்கும் தலைக்கு 100 மில்லிசீவர்ட், அதாவது 10 ரெம், கொடுத்தால் இன்னும் ஒருவர் கூடுவார். அந்த 43 பேரையும் வரிசையாக நிறுத்தி அந்த ஒருவர் யார் என்று கேட்டால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. கதிர்வீச்சால் வந்த கட்டிக்கென்று தனி அடையாளம் கிடையாது. என் கைக்கு வந்த ஆயிரக்கணக்கான பயாப்ஸி அறிக்கைகளில் ஒன்றில்கூட "காரணம்" என்று ஒரு வரி இருந்ததில்லை.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் படையினரிடமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நெவாடாவில் ஸ்மோக்கி என்று பெயரிட்ட ஒரு குண்டை வெடித்தார்கள். சக்தி 44 கிலோடன், ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இருபது வருஷம் கழித்து, அங்கே இருந்த ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, அவர் கதிர்வீச்சைக் காரணமாகச் சொன்னபோது, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அதைக் கையில் எடுத்தது. பங்கெடுத்தவர்கள் சுமார் 3,200 பேர். அவ்வளவு பேரில் வழக்கமாக 3 அல்லது 4 பேருக்கு ரத்தப் புற்றுநோய் எதிர்பார்க்கலாம், கணக்குப்படி 3.5. வந்திருந்ததோ 9 பேருக்கு. 1980-இல் முடிவை வெளியிட்டார்கள். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அப்போதே வாதம் எழுந்தது. அதை ஒருபுறம் வைப்போம். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒன்பது பேரில் மூன்றரைப் பேருக்கு எப்படியும் வந்திருக்கும், ஐந்தரைப் பேருக்குக் குண்டால் வந்தது. ஒன்பது பேரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்குப் பணம்?

அரைப் பேர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் இருப்பது ஒரே நிகழ்தகவுதான்: 61 சதவீதம். சிவில் வழக்குகளில் வழக்கமாகக் கேட்பது, பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறதா என்று. 61 என்றால் ஒன்பது பேருக்கும் கிடைக்கும், அதில் மூன்று, நான்கு பேர் அதிர்ஷ்டக்காரர்கள். ஒன்பதுக்குப் பதில் ஆறு பேருக்கு வந்திருந்தால் என்ன ஆகும்? 42 சதவீதம். யாருக்கும் ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த ஆறு பேரில் இரண்டரைப் பேருக்கு நோய் வந்தது அரசு கொடுத்த கதிர்வீச்சால்தான் என்று அதே கணக்கு சொல்லும். வாங்கிய டோஸ் குறைவாக இருக்க இருக்க, நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருமே தோற்பார்கள். ஐம்பது சதவீதக் கோட்டுக்குக் கீழே அநியாயம் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கண்டுகொண்டு எடுத்த முடிவு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தகுதியில்லாத சிலருக்கும் போகட்டும், தகுதியுள்ளவர் வெறும் கையோடு போகக் கூடாது. இது அறிவியல் கண்டுபிடிப்பு அல்ல. அறிவியல் கைவிரித்த இடத்தில் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு. இதை வெறும் ஓட்டு அரசியல் என்று சொல்ல என்னால் முடியாது.

டோஸ் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். அந்தக் காலத்தில் ஃபிலிம் பேட்ஜ் கொடுத்தார்கள். ஒளி புகாத உறைக்குள் ஒரு துண்டு ஃபிலிம், கதிர்வீச்சு பட்டால் கறுக்கும், கறுப்பின் அளவை வைத்து டோஸ் சொல்வார்கள். எல்லோருக்கும் கொடுக்கவில்லை. பல இடங்களில் ஒரு குழுவுக்கு ஒன்று, ஒருவர் மார்பில் இருந்ததையே மற்றவர்களுக்கும் எழுதிக்கொண்டார்கள். பசிபிக் தீவுகளின் ஈரத்திலும் வெயிலிலும் ஃபிலிம் கெட்டுப்போனது உண்டு. இதையெல்லாம்விட முக்கியம், பேட்ஜ் பார்ப்பது வெளியிலிருந்து வரும் காமா கதிரை. மூச்சோடு உள்ளே போன தூசி நுரையீரலில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சுடுவது பேட்ஜுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு முறை ஒரு டெக்னீஷியன் பெண்ணின் டி.எல்.டி. பேட்ஜ் (ஃபிலிம் பேட்ஜுக்குப் பதிலாகப் பின்னால் வந்தது), வருஷ வரம்பைத் தாண்டிய அளவோடு வந்தது. இரண்டு நாள் அந்தப் பெண் சாப்பிடவில்லை. விசாரித்துப் பார்த்தபோது தெரிந்தது, ஒருநாள் கோட்டைக் கழற்றிச் சிகிச்சை அறைக்குள்ளேயே நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாள் முழுவதும் உள்ளே மெஷின் ஓடியிருக்கிறது. ரத்தம் எடுத்துக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பி, அவர் மேல் ஒன்றும் படவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கே தூக்கம் வந்தது. அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது, இந்த எண் பேட்ஜுடையது, உங்களுடையது அல்ல என்று. எங்களுக்காவது உடனே ஆளைக் கூப்பிட்டுக் கேட்க முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அதுவும் இல்லை. எந்தப் படைப்பிரிவு, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் நடந்தது, காற்று எப்படி அடித்தது என்று பழைய தாள்களிலிருந்து எடுத்துத்தான் கட்ட வேண்டும். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, முறையும் தவறான முறை அல்ல. ஆனால் 2003-இல் தேசிய ஆய்வுக் குழு அந்த வேலையைப் பரிசோதித்தபோது, டோஸின் உச்ச வரம்பைப் பல நேரங்களில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றது. முக்கியமாக, பழைய சோதனைகளில் தரையில் படிந்திருந்த தூசியைப் புதிய வெடிப்பின் அலை கிளப்பிவிட்டதை, அதைப் படையினர் சுவாசித்ததைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. படைவீரருக்குச் சட்டம் கொடுத்த சந்தேகத்தின் பலன் எப்போதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது, மறைக்காமல் சொல்கிறேன்: கணக்கைத் திருத்தினாலும் புதிதாக ஜெயிப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் பெரும்பாலோரின் டோஸ் உண்மையிலேயே குறைவு. சராசரி சுமார் 0.6 ரெம், அதாவது 6 மில்லிசீவர்ட். இன்று வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதையொட்டித்தான் வரும்.

அப்படியானால் இந்தப் படையினருக்கு மொத்தமாகப் புற்றுநோய் கூடியதா? இங்கே உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. ஐந்து சோதனைத் தொடர்களில் பங்கெடுத்த சுமார் 70,000 பேரை, பங்கெடுக்காத படையினரோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2000-இல் வந்தது. மொத்த மரணத்தில் வித்தியாசம் இல்லை. ரத்தப் புற்றுநோய் மரணம் 14 சதவீதம் கூடுதலாக இருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். நம் கன்னியாகுமரி, கொல்லம் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அங்கே பிறந்து வளர்கிறவர்கள் இயற்கையாகவே மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு வாங்குகிறார்கள். கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மறுபக்கம், 1957, 58-இல் பிரிட்டிஷ் சோதனைகளின்போது பசிபிக்கில் கப்பலில் இருந்த நியூசிலாந்து மாலுமிகள் ஐம்பது பேரின் ரத்தத்தை 2000-களில் பார்த்தபோது, குரோமோசோம் இடமாற்றங்கள் (குரோமோசோம் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருப்பது, கதிர்வீச்சு விட்டுப்போகிற தழும்பு மாதிரி) ஒப்பீட்டுக் குழுவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் தள்ளிவிட முடியாதது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு வருமா என்று உங்கள் மாப்பிள்ளை கவலைப்படலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் பிள்ளைகள் சுமார் 77,000 பேரைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பரம்பரையாக நோய் வந்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்தப் பயத்தை அவர் இறக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

ஒரே இயற்பியலை வைத்துக்கொண்டு வெவ்வேறு நாடுகள் எங்கெங்கே போய் நின்றன என்று பார்த்தால், முடிவு அறிவியலுடையது அல்ல என்பது இன்னும் தெளிவாகும். பிரிட்டன் 1952-இலிருந்து 1958 வரை ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் சோதித்தபோது சுமார் 22,000 பிரிட்டிஷ் படையினர் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனி இழப்பீட்டுத் திட்டம் இல்லை, பொதுவான போர் ஓய்வூதியம்தான். அதில் ஒரு விதி. பணியிலிருந்து விலகி 7 வருஷத்துக்குள் கேட்டால், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். 7 வருஷம் தாண்டினால், நம்பத்தகுந்த சான்றோடு நியாயமான சந்தேகத்தை எழுப்புவது கேட்பவர் பொறுப்பு. இருபது வருஷம் கழித்து வரும் நோய்க்கு இந்த ஏழு வருஷத்தால் என்ன பயன்? நீதிமன்றத்துக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வழக்கு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது, காலம் கடந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. 2022-இல் பதக்கம் அறிவித்தார்கள். பிரான்ஸ் 2010-இல் அமெரிக்காவைப் போலவே அனுமானச் சட்டம் போட்டது, ஆனால் ஆபத்து "புறக்கணிக்கத்தக்கது" என்றால் தர வேண்டாம் என்று ஒரு சொல்லையும் சேர்த்தது. அந்த ஒரு சொல்லாலேயே அநேகமாக எல்லா விண்ணப்பமும் விழுந்தது, 2017-இல் அதை நீக்க வேண்டியதாயிற்று. கனடா 2008-இல் நோய் இருக்கிறதா என்றே கேட்காமல், இருந்தவர்களுக்குத் தலா 24,000 கனடிய டாலர் கொடுத்தது. ஃபிஜி இன்னும் ஒரு படி மேலே போனது. கிறிஸ்மஸ் தீவில் பிரிட்டனுக்காக நின்ற ஃபிஜிப் படையினருக்குப் பிரிட்டன் தராததால், 2015-இல் ஃபிஜி அரசே தன் கஜானாவிலிருந்து தலா 9,855 ஃபிஜி டாலர் கொடுத்தது. குண்டு வெடித்தது வேறு நாடு, பணம் கொடுத்தது சின்ன நாடு.

அமெரிக்காவும் தானாக மனமிரங்கிக் கொடுத்துவிடவில்லை. பணியில் பட்ட காயத்துக்குப் படையினர் அரசை வழக்குக்கு இழுக்க முடியாது என்று 1950-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே நீதிமன்றக் கதவு மூடியிருந்தது. 1979-இல் ஓர்வில் கெல்லி என்ற முன்னாள் படைவீரர், நிணநீர்ப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணுச்சோதனைப் படைவீரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷமே இறந்துவிட்டார். சட்டம் வர இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று. சோதனைக்கோ விபத்துக்கோ பிறகு குப்பை அள்ளப் போனவர்கள் அதைவிட அதிகம் காத்திருந்தார்கள். சோதனைகள் நடந்த பசிபிக்கின் எனிவெட்டாக் தீவில் 1977-80-இல் புளூட்டோனியம் கலந்த மண்ணை அள்ளி ஒரு குண்டுக்குழிக்குள் போட்டுச் சிமென்ட் கூரையால் மூடியவர்களும், 1966-இல் ஸ்பெயினின் பாலோமரெஸ் கிராமத்தில் விமானத்திலிருந்து விழுந்த ஹைட்ரஜன் குண்டுகளின் தூசியைத் துடைத்தவர்களும் இந்த அனுமானத்துக்குள் வந்தது 2022-இல்தான்.

இனி உங்கள் குடும்பத்துக்கு. இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, முன்னாள் படைவீரர் துறையின் மாதாந்தரப் பணம். அதற்குக் காலக்கெடு இல்லை, ஆனால் அவர் இறந்துவிட்டதால் அது முக்கியமாகப் பாட்டிக்குரியது. பாட்டி உயிரோடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, 1990-இல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம், மொத்தமாக ஒரு தொகை. முன்பு சோதனைத் தளத்தில் இருந்தவர்களுக்கு 75,000 டாலர். 2024 ஜூனில் காலாவதியானது, 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது, தொகை 1,00,000 டாலராகக் கூடியது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31. படைவீரர் இறந்திருந்தால் மனைவி, அவர் இல்லையென்றால் பிள்ளைகள் என்று வரிசை உண்டு, பேரப்பிள்ளை வரைக்கும் போகும். பெருங்குடல் புற்றுநோய் இந்தப் பட்டியலிலும் இருக்கிறது. முதல் முறை கதிர்வீச்சு பட்டு ஐந்து வருஷமாவது கழித்து நோய் வந்திருக்க வேண்டும்.

பதிவு எரிந்துபோயிற்று என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். அணுச்சோதனைகளில் பங்கெடுத்தவர்களின் விவரத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1978-இலிருந்து தனியாகத் திரட்டி வைத்திருக்கிறது, அங்கே எழுதிக் கேட்கலாம். படைப்பிரிவின் அன்றாட வருகைக் குறிப்புகள் தனிக் கோப்புகளாக இருந்தன, அவை தப்பியிருக்கலாம். வீட்டிலும் தேடச் சொல்லுங்கள். பணிவிடுப்புச் சான்றிதழ், 1957 கோடையில் நெவாடாவிலிருந்து எழுதிய கடிதம், அஞ்சல் முத்திரை தெரிகிற உறை, பின்பக்கம் தேதி எழுதிய புகைப்படம், கூட இருந்த யாராவது உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம். நோய்க்கு மருத்துவமனை பயாப்ஸி அறிக்கையும் இறப்புச் சான்றிதழும். மருத்துவமனைகள் பழைய கோப்புகளைச் சில வருஷத்தில் அழித்துவிடும், ஆகவே அதை முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுக்க, அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.